பத்தே முக்கால் தண்ணீர்

ஜூலை 24, திங்கள்

இன்றைக்கும் குதிரை இல்லை.

பதினெட்டுப் பேரைக் குறிகட்டுவானில் படகேற்றி, ஒரு மணித்தியாலம் அலையில் ஆட்டி, நெடுந்தீவில் இறக்கி, வாங்குப் பலகை போட்ட சின்ன லொறியில் இருத்தித் தெற்கு வெளி வரை கொண்டுபோனேன். அங்கே நான் காட்டியது குதிரைச் சாணம். "இது இண்டைக்குப் போட்டதோ, நேற்றுப் போட்டதோ?" என்று கொழும்பிலிருந்து வந்த ஒரு ஐயா குனிந்து நின்று கேட்கிறார். எனக்கு எப்படித் தெரியும்? நான் என்ன, பக்கத்தில் நின்றேனா?

கனடாவிலிருந்து வந்த அம்மா ஒருவர் விளம்பரத் தாளை என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதிலை குதிரையள் ஓடுது. இங்கை வந்தால் உங்களை மட்டும்தான் காணுறம்." சிரித்தேன். பதினாறு வருடம் முன்பள்ளி ரீச்சராக இருந்து எத்தனையோ பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிட்டேன். அதுகள் ஒன்றும் இவ்வளவு வாய் காட்டவில்லை.

இந்த நாட்குறிப்பை, நான் வழிகாட்டியாக வேலை செய்கிற 'தீவகத் தென்றல் சுற்றுலா' கம்பனி வருடப் பிறப்புக்குத் தந்தது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'புன்னகையே எங்கள் சேவை' என்று அச்சடித்திருக்கிறார்கள். அதற்கு மேலே உள்ள இடம் முழுக்க எனக்கு.

குதிரை ஏன் இல்லை என்பது யாருக்கும் தெரியாத இரகசியம் இல்லை. மாரியில் தேங்கின தண்ணீரெல்லாம் ஆடியில் வற்றிவிடும். பிறகு அந்த வெளியில் தண்ணீர் என்றால் கம்பனி கட்டின சீமெந்துத் தொட்டி ஒன்றுதான். பக்கத்தில் ஐயாயிரம் லீற்றர் கறுப்புத் தாங்கி. அமலதாஸ் என்கிற தீவுக்காரன் திங்களும் வியாழனும் தன் பவுசர் லொறியில் தண்ணீர் கொண்டுவந்து தாங்கியை நிரப்புவான். தினமும் பின்னேரம் குழாயைத் திறந்து தொட்டியில் விடுவான். குதிரைகள் பொழுதுபடக் குடித்துவிட்டு, பகலில் எந்தப் பற்றைக் காட்டுக்குள் நிற்கின்றனவோ, கடவுளுக்குத்தான் தெரியும். நாங்கள் போய்ச் சேருவது பத்தே முக்காலுக்கு.

ஜூலை 27, வியாழன்

கம்பனி ஒரு முடிவெடுத்துவிட்டது. இனிப் பின்னேரத் தண்ணீர் கிடையாது. படகு நெடுந்தீவில் கட்டினதும் நான் அமலதாசுக்குப் போன் எடுப்பேன். அவன் போய்க் குழாயைத் திறப்பான். தாகத்தோடு நிற்கிற குதிரைகள் தண்ணீர் விழுகிற சத்தத்துக்கு வரும். வராமல் எங்கே போகப்போகின்றன?

இன்றைக்கு வந்தன. நாற்பத்தொரு குதிரை. லொறியில் இருந்த அத்தனை பேரும் வாயடைத்துப் போனார்கள். முதலாளி ஜெயசீலன் பின்னேரம் போன் எடுத்து, "ரீச்சர், நீங்கள் கெட்டிக்காரி" என்றார்.

ஓகஸ்ட் 2, புதன்

குதிரைக் கூட்டத்தில் குட்டி ஒன்று நிற்கிறது. பிறந்து மூன்று கிழமை, இருபது நாள் இருக்கும். கால்கள் நாலும் இன்னும் ஒன்றோடொன்று பேசிப் பழகவில்லை. தாய் செம்மண் நிறம், இடது காது நுனி கிழிந்தது. பால் கொடுக்கிற தாய்க்கு மற்றக் குதிரைகளைவிட இரண்டு மடங்கு தண்ணீர் வேண்டும் என்று அமலதாஸ் சொன்னான். அவனைக் கேட்டது யார்?

இன்றைய கூட்டத்தில் ஒரு மாப்பிள்ளையும் பொம்பிளையும். கலியாணம் முடிந்து இரண்டு கிழமையாம். அவனுக்குக் குட்டியைக் கட்டிப்பிடித்துப் படம் எடுக்க வேண்டுமாம். "காட்டுக்குதிரை தம்பி, உதைச்சால் பல்லைப் பொறுக்கிக்கொண்டுதான் போகவேணும்" என்றேன். பொம்பிளை சிரித்தாள். அவனுக்குக் கோபம். இருக்கட்டும்.

"இந்தக் குட்டிக்குப் பேர் என்ன?" என்று ஒருவர்.

"குதிரை" என்றேன்.

முதலாளி குட்டியின் படத்தைப் புது விளம்பரத் தாளில் போடப்போகிறாராம். அரசாங்கக் கந்தோர்க் கடிதங்களில் இதுகளுக்குக் 'கட்டாக்காலிக் குதிரை', அதாவது உடையவன் இல்லாமல் திரிகிறது, என்று பெயர். விளம்பரத்தில் 'சுதந்திரக் காட்டுக்குதிரை'. சுதந்திரம் பத்தே முக்காலுக்குத் தொடங்கிப் பதினொன்றேகாலுக்கு முடிகிறது.

ஓகஸ்ட் 8, செவ்வாய்

கோபம் இன்னும் தீரவில்லை. எழுதினால்தான் அடங்கும்.

அமலதாஸ் காலை ஆறு மணிக்கே குழாயைத் திறந்துவிட்டிருக்கிறான். நான் இருபத்துமூன்று பேரோடு போய் இறங்க, தொட்டியடியில் ஒரு காகம் நின்றது. இருபத்துமூன்று பேரும் காகத்தைப் பார்த்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள்.

"ராத்திரி முழுக்க வெக்கை ரீச்சர்" என்கிறான். "விடியப் போய்ப் பாத்தன், எல்லாம் தொட்டியை நக்கிக்கொண்டு நிக்குதுகள். மனம் கேக்கேல்லை."

"உம்மட மனம் கேக்குதோ இல்லையோ எண்டு ஆர் கேட்டது? நான் போன் எடுத்தனானோ?"

"இல்லை."

"அப்ப ஏன் திறந்தனீர்?"

என்னைவிட நாலைந்து வயது மூத்த மனுசன், முன்பள்ளிப் பிள்ளைபோல நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு இன்னும் எரிச்சலைக் கூட்டியது. "இனி ஒருக்கா என்னைக் கேளாமல் இதிலை கை வைச்சீர் எண்டால் பொலிசிலை குடுப்பன்" என்றேன். எல்லார் முன்னாலும் சொன்னேன். சொன்னது சரிதான். ஒழுங்கு என்றால் ஒழுங்கு.

இறங்குதுறைக் கடையில் ஒரு ஆமைப்பூட்டு வாங்கிக் குழாய்க்குப் போட்டேன். திறப்புச் சாவி ஒன்றுதான். அது என்னிடம். இனி நானே போய்த் திறந்து, நானே பூட்டுவேன். யாருடைய மனமும் கேட்கத் தேவையில்லை.

ஓகஸ்ட் 10, வியாழன்

முப்பது பேர். குதிரை நாற்பத்தொன்று, குட்டியையும் சேர்த்து. ஒரு குறையும் இல்லை. தாங்கி நிரம்பியிருக்கிறது. பூட்டினேன். வந்தேன்.

காற்றின் இரைச்சல் சரியில்லை.

ஓகஸ்ட் 11, வெள்ளி

சோளகக் காற்று பேயாட்டம் ஆடுகிறது. படகு விடவில்லை. வாராது வந்த விடுமுறை.

வேலணை வீட்டில் இருந்து பஸ் பிடித்துக் குருநகருக்குத் தங்கச்சி ஸ்ரெல்லா வீட்டுக்கு வந்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மகளுக்கு முதல்நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகிறாள். வீடு தலைகீழாகக் கிடக்கிறது. வந்த கையோடு பயறு வறுக்கத் தந்துவிட்டாள். வறுத்தேன். திருகையில் திரித்தேன். பணியாரத்துக்கு அவள் சீனி போடுகிற அளவைப் பார்த்தால் பிள்ளைக்குப் பல் ஒன்றும் மிஞ்சாது. சொன்னேன். "நீ வந்து பத்து நிமிசம் ஆகேல்லை, தொடங்கிட்டாய்" என்றாள்.

அமலதாஸ் இரண்டு தடவை போன் எடுத்தான். கை முழுக்கப் பயற்றம் மா. எடுக்கவில்லை.

ஓகஸ்ட் 12, சனி

காற்று. படகு இல்லை.

வெள்ளைச் சட்டைக்குப் பின்னல்கரை தைத்தேன். ஸ்ரெல்லாவின் மாமியார் பக்கத்தில் இருந்து, தையல் கோணல் என்று மூன்று தரம் சொன்னார். கோணல் இல்லை. மத்தியானம் கணவாய்க் கறி. நித்திரை.

அமலதாஸ் நாலு தடவை. விடுமுறை நாளிலும் மனுசரை விடமாட்டான். செவ்வாய் நடந்ததுக்கு மன்னிப்புக் கேட்கப் போகிறானாக்கும். திங்கள் நேரிலே கேட்கட்டும். போனைச் சத்தம் வராமல் வைத்துவிட்டேன்.

இந்த வீட்டில் குழாய் ஒழுகுகிறது. இரவும் பகலும் சொட்டுச் சொட்டாக. எத்தனை வாளி வைத்தும் நிரம்புகிறது. எரிச்சலாக இருக்கிறது.

ஓகஸ்ட் 13, ஞாயிறு

பூசை வடிவாக நடந்தது. பிள்ளை தேவதை மாதிரி நின்றாள். பிரசங்கம் நீளம்.

அமலதாஸ் விடிய இரண்டு தடவை எடுத்திருக்கிறான். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. அப்பாடா.

நாளைக்குப் படகு ஓடுமாம். மூன்று நாள் தடைப்பட்டவர்களையும் சேர்த்து நாற்பது பேராம். முதலாளிக்கு வாயெல்லாம் பல்.

ஓகஸ்ட் 14, திங்கள்

எழுதுகிறேன். நடந்தபடியே எழுதுகிறேன்.

லொறியிலிருந்து இறங்கும்போதே கண்டேன். பூட்டு அறுபட்டு நிலத்தில் கிடந்தது. தொட்டியில் தண்ணீர். அமலதாஸ் தாங்கியின் நிழலில் குந்தியிருந்தான். நாற்பது பேர் என் பின்னால். எனக்குக் கண் இருண்டுவிட்டது.

"கம்பனிச் சாமானை உடைக்க நீர் ஆர்?" என்று கத்தினேன். "உமக்கு நான் என்ன சொன்னனான்? என்ன சொன்னனான்?"

எழுந்து நின்றான். நான் அவன் முன்னாலேயே முதலாளிக்குப் போன் எடுத்தேன். "பூட்டை அறுத்துப்போட்டார்" என்றேன். "அந்தாளை வேலையாலை நிப்பாட்டுங்கோ, வேறை பவுசர் பாப்பம்" என்றார். அதையும் அந்த இடத்திலேயே சொன்னேன். நாற்பது பேருக்கும் கேட்கச் சொன்னேன்.

"சரி ரீச்சர்" என்றான். "தாங்கிக்குப் பின்னாலை ஒருக்கா வந்து பாருங்கோ."

குட்டி பக்கவாட்டில் கிடந்தது. யாரோ அதன் மேல் சாக்கு ஒன்றைப் போட்டிருந்தார்கள். கால்கள் நாலும் சாக்குக்கு வெளியே. தாய் கொஞ்சத் தூரத்தில் நின்றது. விலா எலும்பை எண்ணலாம்.

"வெள்ளியும் சனியும் ஒரு குதிரை இந்த இடத்தை விட்டு அசையேல்லை" என்றான் அமலதாஸ். சத்தம் போடாமல்தான் சொன்னான். "தாங்கிக்குள்ளை தண்ணி தளம்புறது அதுகளுக்குக் கேக்கும்தானே. ஊருக்குத் தண்ணி குடுக்கிற நாள், பவுசரை இஞ்சாலை கொண்டுவரேலாது. வீட்டுக் கலன் ரெண்டிலை கொண்டுவந்து ஊத்தினன். ஆண் குதிரை குறுக்கை நிண்டு, இந்தத் தாயை அண்டவிடேல்லை. தாய்க்குப் பால் வத்திப்போச்சு. எட்டுத்தரம் உங்களுக்குப் போன் அடிச்சனான்."

"முதல் நாளே உடைச்சிருக்கலாமே!" என்றேன். இதையும் கத்தித்தான் சொன்னேன்.

"பொலிசிலை குடுப்பன் எண்டனீங்கள். எனக்கும் பிள்ளையள் இருக்கு. ஞாயிறு விடியக் குட்டி விழுந்திட்டுது. அதுக்குப் பிறகு பொலிசாவது ஒண்டாவது எண்டு அறுத்தன்."

பின்னால் ஒரு பொம்பிளை அழத் தொடங்கினாள். ஒருவன் படம் எடுத்தான். அவனுடைய போனைத் தட்டிவிட்டேன். விழுந்தது. உடைந்ததோ தெரியாது. உடைந்திருந்தால் நல்லது.

அமலதாஸ் மண்வெட்டி கொண்டுவந்து, குட்டியைப் புதைக்கக் கிடங்கு வெட்டினார். நான் மற்றப் பக்கத்தில் நின்று கையால் மண் தள்ளினேன். அவர் என்னைத் தடுக்கவும் இல்லை, பார்க்கவும் இல்லை.

ஓகஸ்ட் 15, செவ்வாய்

மாதா திருநாள். பூசைக்குப் போனேன். ஒரு சொல் காதில் ஏறவில்லை.

முதலாளி போன் எடுத்தார். குட்டி பாம்பு கடித்துச் செத்தது என்று சொல்ல வேண்டுமாம். புதுப் பூட்டு வாங்க வேண்டுமாம். அமலதாஸ் பூட்டை உடைத்தார் என்று நான் கடிதம் எழுதிக் கையெழுத்து வைத்துத் தர வேண்டுமாம். "பாம்புக்கு நீங்களே கடிதம் எழுதுங்கோ" என்றேன். "என்ன ரீச்சர், திட்டம் உங்கடதானே, இப்ப என்னிலை பாயிறியள்?" என்று கேட்டார்.

திட்டம் என்னுடையதுதான். ஜூலை 27 பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். 'கம்பனி ஒரு முடிவெடுத்துவிட்டது' என்று குண்டு குண்டாக எழுதி வைத்திருக்கிறேன். பச்சைப் பொய். ஜூலை 25 நான்தான் கம்பனிக் கந்தோருக்குப் போய், பின்னேரத் தண்ணீரை நிற்பாட்டினால் குதிரை பத்தே முக்காலுக்குத் தானாக வரும் என்று சொன்னேன். அந்த மனுசனுக்கு அந்த மூளை இல்லை. கனடா அம்மா என்னை நாலு பேர் முன்னால் இளக்காரமாகச் சொன்னது பொறுக்கவில்லை. அவ்வளவுதான். அதற்காகத்தான். யாரும் வாசிக்காத நாட்குறிப்பில் பொய் எழுதுகிற ஒரே பைத்தியம் இந்தத் தீவகத்தில் நானாகத்தான் இருப்பேன்.

பின்னேரம் அமலதாஸ் எடுத்தார். முதல் மணியிலேயே எடுத்துவிட்டேன்.

"தாய் குடிக்குதில்லை ரீச்சர். பொழுதுபட நிரப்பி விட்டால் குதிரைக் கூட்டம் வந்து வழிச்சுத் துடைச்சுப்போடுது. இது இயலாமல் நிக்குது, ஆண் குதிரை கிட்ட விடாது. காலமை கூட்டம் போனாப்பிறகு நிரப்பினால் வர எத்தனிக்குது. ஆனால் உங்கட ஆக்கள் வந்திடுவினம். மனுசர் பாத்துக்கொண்டு நிண்டால் ஒரு அடி வைக்காது. முந்தி அப்பிடியில்லை. குட்டியைத் தாட்டதுக்குப் பிறகு இப்பிடி. இண்டைக்கும் ரெண்டு லொறி வந்து மத்தியானம் வரைக்கும் நிண்டது."

"எத்தினை நாள் தாங்கும்?"

"நாளைக்குக் குடிச்சால் தப்பும்."

"நீங்கள் ஏன் இன்னும் போறியள்? உங்களைத்தான் நிப்பாட்டியாச்சே."

"கம்பனிதானே ரீச்சர் நிப்பாட்டினது."

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன். கேட்காமலே போனை வைத்துவிட்டேன். முதலாளிக்கு எடுத்து நாளைய பயணத்தை நிறுத்தச் சொன்னேன். இருபத்துநாலு பேர் பதிந்தாயிற்று, நீங்கள் வராவிட்டால் வேறு ஆள் கொண்டுபோகும் என்றார். வேறு ஆள் என்றால் ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுகிற பெடியன். நான் வருகிறேன் என்றேன்.

ஓகஸ்ட் 16, புதன்

பூட்டு வாங்கவில்லை. கடிதம் எழுதினேன். 'பூட்டுப் போட்டது நான். திறப்பை எடுத்துக்கொண்டு போனது நான். எட்டு அழைப்பை எடுக்காமல் விட்டதும் நான். அமலதாஸ் உடைத்திராவிட்டால் இன்னும் குதிரைகள் செத்திருக்கும்.' கையெழுத்து வைத்து, குறிகட்டுவானில் கந்தோர்ப் பிள்ளையின் கையில் கொடுத்தேன். வாசித்துவிட்டு என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். "முதலாளி ஏசுவார் ரீச்சர்." ஏசட்டும். எனக்கு ஏசத் தெரியாதா?

படகில் இருபத்துநாலு பேர். கையில் புது விளம்பரத் தாள். முன்பக்கத்தில் குட்டி.

பத்தே முக்காலுக்கு லொறியை ஐம்பது மீற்றர் தூரத்தில் நிற்பாட்டச் சொன்னேன். தொட்டி நிரம்பியிருந்தது. குதிரைக் கூட்டம் போய்விட்டது. தாய் மட்டும், குட்டியைத் தாட்ட இடத்துக்குப் பக்கத்தில் நின்றது. தலை தொங்கிப்போய் இருந்தது. எங்களைக் கண்டதும் காதை மட்டும் நிமிர்த்தியது. அமலதாஸ் தூரத்தில் பவுசருக்குள் இருந்தார். இறங்கவில்லை.

"ஒண்டுதானோ?" என்றார் தொப்பி போட்ட ஒருவர். "குட்டி எங்கை?" என்று தாளைக் காட்டினார் இன்னொருவர்.

பாம்பு என்று சொல்லியிருக்கலாம். "செத்துப்போச்சு" என்றேன். "தண்ணியில்லாமல் செத்தது. நீங்கள் வாற நேரத்துக்குக் குதிரை நிக்கவேணும் எண்டு தண்ணியைப் பூட்டி வைச்சனாங்கள். பூட்டினது நான். காத்து அடிச்சுப் படகு நிண்ட மூண்டு நாளும் திறப்பு என்ட கைப்பைக்குள்ளை இருந்தது. நான் குருநகரிலை இருந்து பணியாரம் சுட்டன்."

இப்படியான நேரங்களில் யாராவது ஏதாவது சொன்னால் பாய்ந்து கடிக்கலாம். அதற்கும் வழியில்லை.

தொப்பிக்காரர்தான், "அப்ப இந்தத் தாயையாவது கிட்டப் போய்ப் பாக்கலாமோ?" என்று கேட்டார். பாவம், நல்ல மனுசனாகத்தான் இருக்க வேண்டும். எனக்குத்தான் தலைக்கு ஏறிவிட்டது.

"ஏலாது!" என்று கத்தினேன். "நாங்கள் பாத்துக்கொண்டு நிண்டால் அது குடிக்காது. குடிக்காட்டில் இண்டைக்கோ நாளைக்கோ முடிஞ்சிடும். எல்லாரும் இறங்குங்கோ. இறங்கி அங்காலை திரும்புங்கோ. கடல் பக்கம். போனை உள்ளுக்கு வையுங்கோ. தம்பி, உம்மைத்தான், தோளுக்கு மேலாலை பிடிக்கிறதும் படம்தான், வையும் உள்ளுக்கு. தங்கச்சி, பிள்ளையைத் தூக்கும். நான் சொல்லுமட்டும் ஒருத்தரும் திரும்பக்கூடாது."

காசு கொடுத்துக் குதிரை பார்க்க வந்த இருபத்துநாலு பேர். சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். வந்திருந்தால் சண்டை பிடித்திருப்பேன். ஒவ்வொருவராக இறங்கி, வரிசையாக நின்று, கடலைப் பார்த்துத் திரும்பினார்கள். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நான் கடைசியில் போய் நின்று, நானும் திரும்பினேன்.

வெயில் பிடரியைச் சுட்டது. வெகு நேரம் ஒன்றுமில்லை. காற்று மட்டும். எனக்குத் திரும்பிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. கழுத்து நோவெடுத்தது. பார்ப்பதுதான் என் தொழில், காட்டுவதுதான் என் தொழில், எல்லாவற்றையும் பார்த்தேன், எட்டு அழைப்பையும் திரையில் பார்த்தேன். திரும்பவில்லை.

பிறகு முருகைக்கல் தரையில் குளம்பு படுகிற சத்தம். ஒன்று. நின்றது. இன்னொன்று. பக்கத்தில் நின்ற பொம்பிளை என் கையைப் பிடித்தாள். யாரென்றே தெரியாது. விடச் சொல்லவில்லை.

தண்ணீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நீளமாக. நின்றுவிடுமோ என்று பயந்தேன். நிற்கவில்லை.

"எவ்வளவு நேரம் ரீச்சர் இப்பிடி நிக்கிறது?" என்று தொப்பிக்காரர் மிக மெல்லக் கேட்டார்.

"அது குடிச்சு முடியுமட்டும்" என்றேன்.